அலிகர் கல்லூரியும் சர் சையதும்

கல்விக்காகக் கை நீட்டுவது எப்படியிருக்கும் என்று நம் சங்கத்தாருக்குத் தெரியும். உபகாரச் சம்பள நிதிக்காக ஐம்பது ஆண்டுகளாகக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறோம். கேட்டவுடன் கல்லாவைத் திறந்தவர்களும் உண்டு; ஐந்து முறை அலையவிட்டு ஆறாவது முறை பத்து வெள்ளி கொடுத்தவர்களும் உண்டு. ரசீதுப் புத்தகத்தோடு வெறுங்கையாய்த் திரும்பிய நாள்களில், நமக்கு முன்னே இதே படிகளை ஏறி இறங்கிய ஒரு பெரியவரை நினைத்துக்கொள்வோம். அவர் சர் சையது அகமது கான். பொன்விழா மலரில் அவர் வரலாற்றைச் சொல்ல முன்வந்ததற்கு அதுவே காரணம். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரசியலைப் பேசுவார்கள். நாம் அவர் கட்டிய கல்லூரியை, அதிலும் அங்கே அறிவியலும் கலைப் பாடங்களும் எப்படி வேரூன்றின என்பதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

1817ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் டில்லியில் அவர் பிறந்தார். செங்கோட்டையில் முகலாய மன்னர் பெயரளவுக்கு வீற்றிருக்க, ஆட்சி கம்பெனியார் கையில் இருந்த காலம் அது. தாயார் அஸீஸுன்னிசா அம்மையாரின் தந்தை குவாஜா ஃபரீதுத்தீன், மன்னர் இரண்டாம் அக்பர் ஷாவுக்கு அமைச்சராக இருந்தவர்; கணிதத்திலும் வானியலிலும் தேர்ந்தவர். அந்தப் பாட்டனார் வீட்டில்தான் சிறுவர் சையது வளர்ந்தார். தாய்மாமன் ஜைனுல் ஆபிதீனும் கணிதக் கருவிகளிலும் வானியல் கருவிகளிலும் கைதேர்ந்தவர். மருமகனுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். நம் வீடுகளில் மாமன்மார் மருமகனுக்கு மிதிவண்டி பழக்குவதுபோல அந்த வீட்டில் கவராயமும் அளவுகோலும் பழக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர் சையதுக்கு அறிவியல் ஆசை ஆங்கிலேயரைப் பார்த்து வந்தது என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். அது பாட்டனார் வீட்டுச் சொத்து. பெரிய வரைபடத்தைச் சிறிதாக்கவும் சிறியதைப் பெரிதாக்கவும் பயன்படும் விகிதக் கவராயம் பற்றிப் பாட்டனார் பாரசீகத்தில் எழுதி வைத்திருந்தார். பேரன் அதை 1846இல் உருதுவில் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, கனமான பொருள்களைத் தூக்கும் எந்திர முறைகள் பற்றிய நூல் ஒன்றையும் மொழிபெயர்த்திருந்தார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1848 வாக்கில், பூமி சுழலவில்லை, சூரியனே சுற்றி வருகிறது என்று நிறுவ ஒரு சிறு நூல் எழுதியவரும் இவரேதான்! பிற்காலத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். தாம் அச்சிட்டு வெளியிட்ட கருத்தையே மாற்றிக்கொள்ளும் துணிவு இருந்ததால்தான் பிறரை மாறச் சொல்லும் தகுதியும் அவருக்கு வந்தது என்று நாம் நினைக்கிறோம்.

1838இல் தந்தையார் காலமானார். குடும்பத்தைக் காக்கக் கம்பெனி நீதிமன்றத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். மூன்று ஆண்டில் முன்சீப் ஆனார். டில்லியில் பணியாற்றிய நாள்களில் நகரத்தின் பழங்கட்டடங்களை அளந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஆஸாருஸ் ஸனாதீத் என்ற பெருநூலை 1847இல் வெளியிட்டார். குத்புமினாரின் உயரத்தில் இருந்த எழுத்துகள் கீழிருந்து தெரியவில்லை. கம்புகளுக்கிடையே கூடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் தாமே ஏறி அமர்ந்து அவற்றைப் படியெடுத்தார். கீழே நின்ற நண்பர் மௌலவி இமாம் பக்‌ஷ் ஸஹ்பாயீக்குப் பயத்தில் முகம் வெளுத்துவிடுமாம். நேரில் கண்டதைத்தான் எழுதுவேன் என்கிற அந்தப் பிடிவாதம் ஆய்வுக்கூடத்துக்கு உரிய குணம். அவருக்கு அது ஆய்வுக்கூடம் எதையும் பார்ப்பதற்கு முன்பே இருந்தது.

பிறகு 1857 வந்தது. அப்போது பிஜ்னூரில் நீதித்துறைப் பணியில் இருந்தார். அங்கிருந்த ஆங்கிலக் குடும்பங்களைக் காப்பாற்றி அனுப்பினார். டில்லிக்கு வந்து பார்த்தால் சொந்தக் குடும்பம் சிதறிக்கிடந்தது. வயது முதிர்ந்த தாயார் ஒரு குதிரைக்காரரின் இருப்பிடத்தில் ஒளிந்து, குடிக்கத் தண்ணீருக்கும் தவித்த நிலையில் கிடைத்தார். மீரட்டுக்கு அழைத்துப் போனார். அந்த அம்மையார் அங்கேயே கண்மூடினார். நாட்டைவிட்டு எகிப்துக்குப் போய்விடலாமா என்றுகூட அந்த நாள்களில் எண்ணினார். போகவில்லை. சமுதாயம் வீழ்ந்து கிடக்கும்போது தாம் மட்டும் கரையேறுவது முறையில்லை என்று தங்கிவிட்டார். அதன் பிறகு அவர் வாழ்வில் நாற்பது ஆண்டுகள் மிச்சமிருந்தன. அத்தனையும் கல்விக்கே போயின.

1864 ஜனவரியில் காஜிப்பூரில் அறிவியல் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு பணிமாற்றத்தோடு சங்கமும் அலிகருக்கு வந்தது. 1866இல் அதற்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. மேலை நாட்டு நூல்களை உருதுவில் பெயர்ப்பது முதல் வேலை. மின்சாரம், வேளாண்மை, கணிதம், பொருளியல், எகிப்து கிரேக்க வரலாறு என்று ஏறக்குறைய நாற்பது நூல்கள் வெளிவந்தன. ஒரு பக்கம் அறிவியலும் மறுபக்கம் வரலாறும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. சங்கத்தில் சொற்பொழிவுகள் நடந்தன. புதிய உழவுக் கருவிகளைக் கொண்டு பயிர் வைத்துப் பார்த்தார்கள். ஆங்கிலமும் உருதுவும் பக்கத்துக்குப் பக்கம் இருக்க ஓர் இதழும் வந்தது. 1867இல் அவர் காசிக்கு மாற்றலாகிப் போனபோது சங்கத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் ராஜா ஜெய்கிஷன் தாஸ் என்னும் இந்து நண்பர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடியும் வருவார்.

இங்கேதான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. அறிவியலை எந்த மொழியில் கற்பிப்பது? தாய்மொழியில்தான் என்று தொடக்கத்தில் சர் சையது உறுதியாக இருந்தார். உருதுவில் உயர்கல்வி தரும் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1867இல் அரசாங்கத்துக்கு அவர் சார்ந்த அமைப்பு விண்ணப்பித்தது. ஆனால் ஒரு நூலை மொழிபெயர்த்து அச்சேற்றுவதற்குள் அந்தத் துறை பல படி முன்னே போய்விடுகிறது. கற்றவனுக்கு வேலை தருவதோ ஆங்கிலம். கடைசியில் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தார். தாய்மொழி வகுப்பா ஆங்கில வகுப்பா என்று சிங்கப்பூரிலும் நம் பெற்றோர் ஒரு காலத்தில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தச் சாய்வு எவ்வளவு வலித்திருக்கும் என்று விளங்கும்.

1869இல் தம் மகன் சையது மஹ்மூதுக்கு இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. மகனோடு தாமும் போவதென்று வீட்டை அடகு வைத்தார், நூலகத்தை விற்றார். லண்டனில் தங்கிய நாள்களில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி வில்லியம் மியூர் எழுதிய நூலுக்கு மறுப்பாகக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டார். கேம்பிரிட்ஜையும் பார்த்தார். மாணவனும் ஆசிரியனும் ஒரே வளாகத்தில் தங்கி, உண்டு, வழிபட்டு, விளையாடி வாழும் முறை அவர் மனத்தில் பதிந்தது. வகுப்பறை மட்டும் போதாது, விடுதியும் சேர்ந்ததுதான் கல்லூரி என்று அலிகருக்குத் திட்டம் வகுத்தவர் மகன் மஹ்மூது.

1870இல் திரும்பினார். தஹ்தீபுல் அக்லாக் என்ற இதழைத் தொடங்கினார். கூடவே எதிர்ப்பும் தொடங்கியது. மார்க்க விஷயங்களில் அவர் எழுதிய சில விளக்கங்களை உலமாக்கள் பலரும் ஏற்கவில்லை. அவற்றை இன்றும் பலர் ஏற்பதில்லை. நாமும் அவற்றுக்காக இங்கே வாதாட வரவில்லை. காபிர் என்ற தீர்ப்பை மக்காவரை போய் வாங்கி வந்தார்கள். அவர் அந்த எதிர்ப்பை எப்படிக் கையாண்டார் என்பதே நமக்குப் பாடம். தம் கருத்து வேறு, கல்லூரியின் மார்க்கக் கல்வி வேறு என்று கோடு கிழித்தார். ஸுன்னத் ஜமாஅத் மாணவர்களுக்கும் ஷியா மாணவர்களுக்கும் தனித்தனியே பாடம் வைத்தார். பாடத்திட்டத்தை மார்க்க அறிஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு அதில் தலையிடாமல் ஒதுங்கினார். தேவ்பந்து மத்ரஸாவை நிறுவியவர்களில் தலையாயவரான மௌலானா காஸிம் நானோத்தவி அவர்களின் மருமகன் மௌலானா அப்துல்லாஹ் அன்ஸாரி பின்னாளில் அலிகரில் மார்க்கத் துறையை நடத்தினார் என்றால், அந்தக் கோட்டை அவர் எவ்வளவு நேர்மையாகக் காத்திருக்க வேண்டும்!

1875ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அலிகரில் பள்ளி தொடங்கியது. அவர் இன்னும் காசியில் உத்தியோகத்தில்தான் இருந்தார். அலிகரில் இருந்து வேலையை நடத்தியவர் மௌலவி ஸமீவுல்லாஹ் கான். மறு ஆண்டு ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். 1877 ஜனவரி 8ஆம் நாள் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி என்பது பெயர். பெயரில் முகமதன் என்று இருந்தாலும் இந்து மாணவர்களும் படித்தார்கள். அங்கே முதல் பட்டம் பெற்றவரே ஈஸ்வரி பிரசாத் என்னும் இந்து மாணவர்.

இனிப் பணத்தின் கதை. நம் சங்கத்தாருக்கு இந்தப் பகுதிதான் நெருக்கமானது. நன்கொடை தந்தவர் பெயரைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்தார். ஊர் ஊராகச் சுற்றினார். புத்தகக் கடை வைத்து விற்றார். ஏழை மாணவர் நிதிக்காக 1889இல் அலிகர் பொருட்காட்சியில் மேடையேறிப் பாடினார். எழுபதைக் கடந்த வயது. வெண்தாடி மார்பில் புரள்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசாங்கம் சர் பட்டம் கொடுத்திருக்கிறது. இதற்கும் மேலே போய் முப்பதாயிரம் ரூபாய்க்கு லாட்டரிச் சீட்டு நடத்தினார். இது கூடாது என்று முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்ததில் தவறில்லை என்பதே நம் எண்ணம். நிதி இல்லாமல் நெஞ்சு வறண்ட மனிதர் எதுவரை போவார் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். நம் சங்கக் கூட்டங்களிலும் அதிர்ஷ்டக் குலுக்குப் பற்றி விவாதம் வந்து, வேண்டாம் என்று முடிவானது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எழுந்த கல்லூரியில் முதலில் செழித்தவை கலைப் பாடங்கள். அதற்கு அவர் தேடிப்பிடித்த ஆசிரியர்களே காரணம். கேம்பிரிட்ஜிலிருந்து தியடோர் பெக் இளைஞராகவே வந்து முதல்வரானார். கணிதத்துக்கு ஜாதவ் சந்திர சக்கரவர்த்தி என்னும் வங்காளி. அவர் எழுதிய எண்கணித நூல் நாடெங்கும் பள்ளிகளில் ஓடியது. அரபி, பாரசீகத்துக்கு மௌலானா ஷிப்லி நுஃமானி. தத்துவத்துக்கு 1888இல் தாமஸ் ஆர்னல்டு வந்தார். ஆர்னல்டு உள்ளூர் முஸ்லிம்களைப்போல உடுத்திக்கொண்டு வளாகத்தில் நடமாடுவார். ஷிப்லி அவருக்கு அரபி கற்பித்தார். அவர் ஷிப்லிக்குப் பிரெஞ்சு கற்பித்தார். 1892இல் இருவரும் ஒரே கப்பலில் மேற்கே புறப்பட்டார்கள். நடுக்கடலில் எந்திரம் நின்றுவிட்டது. பதறிப்போய் நண்பரைத் தேடி ஓடிய ஷிப்லி, அவர் அமைதியாகப் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். கப்பல் மூழ்கப் போகிறதென்றால் மிச்சமுள்ள நேரம் இன்னும் அருமையானது, அதை வீணாக்கலாமா என்பது ஆர்னல்டின் கணக்கு. இஸ்லாம் பரவிய வரலாற்றை ஆராய்ந்து அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் அலிகரில் இருந்த காலத்தில், 1896இல், வெளிவந்தது. பின்னர் லாகூர் போய் அவர் உருவாக்கிய மாணவர்தான் அல்லாமா இக்பால். கலைப் பாடம் என்றால் பட்டத்துக்கு ஒரு குறுக்கு வழி என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஆசிரியர்களின் கதையை வீட்டில் சொல்ல வேண்டும்.

அறிவியல் அப்படி வளரவில்லை. கலைப் பாடத்துக்கு ஒரு நல்ல ஆசிரியரும் ஓர் அலமாரிப் புத்தகமும் இருந்தால் வகுப்பு தொடங்கிவிடும். அறிவியலுக்கு அது போதாது. துலாத்தட்டும் வெப்பமானியும் குடுவைகளும் சீமையிலிருந்து கப்பலேறி வர வேண்டும். வந்தவை உடையும், அமிலமும் உப்பும் ஆண்டுதோறும் தீரும். ஒருமுறை கொடுத்த நன்கொடை கட்டடமாக நிற்கும், கல்லில் பெயரும் நிற்கும். தீர்ந்துபோன அமிலத்தின்மேல் யார் பெயரைப் பொறிப்பது? படித்த பிள்ளைகளுக்கு முன் திறந்திருந்த வாசல்களும் அரசு உத்தியோகமும் வழக்கறிஞர் தொழிலுமே. அவற்றுக்குக் கலைப் பட்டம் போதுமானதாக இருந்தது. அறிவியல் சங்கத்தோடு புறப்பட்ட மனிதர், தம் கல்லூரி ஓர் அறிவியல் கல்லூரியாக வளர்வதைத் தம் கண்ணால் காணவில்லை.

காணாமல் போனதற்கு ஓர் இடியும் காரணம். 1895இல், கல்லூரி அலுவலகத்தில் நம்பிக்கைக்குரியவராக இருந்த தலைமை எழுத்தர் ஒருவர் கையெழுத்தைப் போலியாக இட்டு வங்கியிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சுருட்டியது தெரியவந்தது. ஒவ்வொரு ரூபாயும் யாரிடம் எந்தத் திண்ணையில் கேட்டு வாங்கியது என்று அவருக்குத் தெரியும். கணக்கைச் சரியாகப் பார்க்காதது அவர் குற்றமே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நிதிப் பொறுப்பில் இருந்தவர் என்ற முறையில் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை முழுக்க விடுவிக்க நம்மாலும் முடியவில்லை. அந்த அடியிலிருந்து அவர் உடலும் மனமும் மீளவில்லை. 1898 மார்ச் 27ஆம் நாள் அலிகரில், தம் வீட்டில்கூட இல்லாமல், நண்பர் ஒருவர் வீட்டில் வபாத்தானார். கல்லூரிப் பள்ளிவாசலை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டார். லட்சக்கணக்கில் திரட்டியவரின் அடக்கச் செலவுக்கு நண்பர் முஹ்சினுல் முல்க் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அவரிடம் குறைகள் இருந்தன. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இப்போது வேண்டாம், ஆண்கள் முதலில் படிக்கட்டும் என்றார். உயர்குடிப் பிள்ளைகளையே அதிகம் மனத்தில் வைத்தார். முதல் குறையை அவர் கல்லூரியிலேயே படித்த ஷேக் அப்துல்லாஹ் தீர்த்தார். 1906இல் அலிகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். இன்று நம் உபகாரச் சம்பளம் பெறும் பெண்பிள்ளைகள் தொடக்கக்கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் வெள்ளை அங்கி மாட்டி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதைப் பார்க்கும்போது, சர் சையதைவிட அந்த அப்துல்லாஹ்வுக்குத்தான் நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம்.

1886இல் சர் சையது தொடங்கிய கல்வி மாநாடு ஆண்டுக்கொரு ஊரில் கூடிவந்தது. அவர் மறைந்தபின் 1901இல் அது சென்னையில் கூடியது. அலிகரின் காற்று நம் மூதாதையர் பக்கம் வீசியது அப்போதுதான். அந்த உந்துதலில் பிறந்த தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் பிற்காலத்தில் சென்னையில் புதுக்கல்லூரியைக் கண்டது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951இல் வந்தது. நம் உறுப்பினர்களில் எத்தனை பேரின் அத்தாவும் பெரியத்தாவும் அந்தக் கல்லூரிகளில் இன்டர்மீடியட்டோ பட்டமோ முடித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள் என்று இந்த மலரின் பின்பக்கங்களில் உள்ள குடும்பக் குறிப்புகளே காட்டும்.

அலிகரில் அறிவியலுக்கும் விடிந்தது. 1906இல் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டி ஆகா கான் முன்நின்று நிதி திரட்ட, பம்பாய் வணிகர் ஆதம்ஜி பீர்பாய் ஒரு லட்சத்துக்கு மேல் அள்ளிக்கொடுக்க, இளவரசர் பெயரால் அறிவியல் பள்ளி உருவானது. 1920இல் கல்லூரி பல்கலைக்கழகமானது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் உரிய ஆய்வுக்கூடங்களைப் பெருக்கி, வெளிநாட்டு அறிஞர்களை வரவழைத்து, அறிவியல் துறைகளைத் தூக்கி நிறுத்திய துணைவேந்தர் 1929இல் பொறுப்பேற்றார். அவர் சர் ராஸ் மஸூத். சையது மஹ்மூதின் மகன். சர் சையதின் பேரர்.

அந்தப் பேரருக்கு நான்கைந்து வயதில் பிஸ்மில்லாஹ் ஓதிவைக்கும் சடங்கு நடந்தது. வீட்டில் பந்தல் போட்டுப் பிரியாணி ஆக்காமல், கல்வி மாநாட்டு அரங்கிலேயே சர் சையது அதை நடத்தினார். விருந்துக்கு ஆகியிருக்கும் பணத்தைக் கல்லூரி நிதியில் சேர்த்தார். ஓதத் தொடங்கும்போது பிள்ளையை மடியில் வைத்திருந்தவர் அறிவியல் சங்கத்து நண்பர் ராஜா ஜெய்கிஷன் தாஸ்.